பிள்ளைகள் படம் எழுதுவது குற்றமா?

ஒரு குழந்தை அடுப்புக் கரியை எடுத்துச் சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். "சுவரைப் பாழாக்கிவிட்டாயே!" என்று தாயார் முதுகில் ஒன்று வைப்பார். "இதெல்லாம் நாளைக்குச் சோறு போடுமா? போய்க் கணக்கைப் போடு" என்று தகப்பனார் அதட்டுவார். பள்ளிக்கூடத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் செக்குமாட்டை எழுதியதற்காக நாமும் பிரம்படி பட்டவர்தாம். அந்த மாட்டின் கண்ணை ஏன் துணியால் கட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் நமக்கு அதை எழுதும்போதுதான் முதன்முதலில் உண்டாயிற்று. ஆனால் நமக்குக் கிடைத்தது அடியே தவிர, பதில் அல்ல.

இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள மூடத்தனம் அல்ல. ஸ்பெயின் தேசத்தில் 1852ல் பிறந்த ரமோன் இ கஹால் என்பவருக்குச் சிறு வயதில் படம் எழுதுவதென்றால் உயிர். அவருடைய தகப்பனார் ஒரு வைத்தியர். பையன் எழுதிய படத்தை அவர் ஊருக்கு வந்த ஒரு சுவர்ப்பூச்சுக்காரரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அந்த மனிதர் இது வெறும் கிறுக்கல் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அதுவே வேதவாக்காகிவிட்டது! படம் எழுதத் தடை ஏற்பட்டது. பையன் படிப்பிலும் அடங்காமற் போகவே, அவனை க்ஷவரத் தொழிலிலும் செருப்புத் தைக்கும் தொழிலிலும் தண்டனையாகக் கொண்டுபோய் விட்டார்கள். அத்தொழில்களில் இழிவு ஒன்றும் இல்லை. ஒரு தொழிலைத் தண்டனை என்று நினைத்த புத்தியில்தான் இழிவு இருக்கிறது.

பிறகு அதே தகப்பனார்தான் பையனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, மனித எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். பையன் அந்த எலும்புகளைப் படமாக எழுதிப் பார்த்தான். அதன் வழியாக அவனுக்கு வைத்தியப் படிப்பிலேயே ருசி உண்டாகிவிட்டது. பிற்காலத்தில் அவர் மைக்ராஸ்கோப்பில் மூளையைப் பார்த்து, கண்டதைக் கண்டபடி தம் கையாலேயே எழுதினார். நரம்புகளெல்லாம் இடைவிடாமல் ஒட்டிய ஒரே வலை என்று பெரிய விஞ்ஞானிகள் சொல்லிவந்த காலத்தில், இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு என்று சொன்னார். 1906ல் அவரோடு நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட கோல்கி என்பவரே அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நின்றது கஹாலின் கொள்கைதான். பெரியவர்கள் சொன்னதைவிடத் தன் கண்ணால் கண்டதை நம்பும் பழக்கம் அவருக்குப் படம் எழுதியதாலும் வந்தது என்பதே நமது அபிப்பிராயம்.

இனி, மற்றொரு தகப்பனாரையும் பாருங்கள். உயிர்களின் தோற்றத்தைப் பற்றி 1859ல் புத்தகம் வெளியிட்டு உலகத்தையே கலக்கிய டார்வின்தான் அவர். அந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியில் இன்று எஞ்சியிருப்பவை சில தாள்களே. அவற்றிலும் சில தாள்கள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், அவற்றின் பின்புறத்தில் அவருடைய பிள்ளைகள் படம் எழுதி வைத்திருந்ததுதான்! பழங்களும் காய்கறிகளும் சிப்பாய்களாகி யுத்தம் செய்வதாக ஒரு படம் இருக்கிறது. நம் வீட்டில் இப்படி நடந்திருந்தால் தாள் என்ன ஆகியிருக்கும், பிள்ளை என்ன ஆகியிருக்கும் என்று உங்களையே கேட்கிறோம்.

நிற்க. பள்ளிகளில்தான் சித்திர வகுப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். அதன் யோக்கியதை என்ன? உபாத்தியாயர் பலகையில் ஒரு மாம்பழத்தை எழுதுவார். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு பிள்ளை தான் கண்ட அணில் கடித்த மாம்பழத்தை எழுதினால் அதற்கு மார்க்குக் குறையும். வாயால் செய்யும் உருப்போடலைக் கையால் செய்வதற்குப் பெயர் சித்திரம் ஆகுமா?

"எல்லோரும் சித்திரக்காரராக முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லுவது, எழுதப் படிக்கத் தெரிந்தவரெல்லாம் புலவர்களாகிவிட்டார்களா என்பதுதான். படம் எழுதுகிற குழந்தை ஒரு பொருளை உற்றுப் பார்க்கிறது. இல்லாத ஒன்றை மனத்தில் உண்டாக்கிப் பார்க்கிறது. இவ்விரண்டும் இல்லாமல் எந்தப் படிப்புத்தான் படிப்பாகும்?

ஆகவே தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் நாம் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. பழைய காலண்டர்த் தாளின் பின்புறமும் ஒரு பென்சிலும் போதும். பெண் குழந்தைக்குக் கோலப்புள்ளி போதும் என்று நிறுத்திவிடாமல் அவளுக்கும் கொடுங்கள். யானையைப் பச்சையாக எழுதினால் திருத்தாதீர்கள், "ஏன் பச்சை?" என்று கேளுங்கள். குழந்தை ஒரு கதையே சொல்லும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சுவரை அடுத்த வருஷம் வெள்ளையடித்துக்கொள்ளலாம். அடித்து ஒடுக்கிய புத்திக்கு வெள்ளையடிக்க எந்தச் சுண்ணாம்பும் இல்லை.