ஒமெப்ரசோல் வேற... ஃபோமெபிசோல் வேற! மெத்தனால் விஷத்தைத் தடுக்கும் மருந்து எது?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருந்து கையிருப்பில் இருந்ததா, இல்லையா என ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நடந்த மோதலில் ரெண்டு பெயர்கள் அடிபட்டன. ஒமெப்ரசோல், ஃபோமெபிசோல். ரெண்டும் ஒண்ணா?

இல்லவே இல்லை. ஆனா ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டுமே உடலில் நடக்கும் ஒரு வேலையை நிறுத்தி வைக்கும் 'தடுப்பான்கள்'.

ஒமெப்ரசோல் என்ன செய்யும்?

வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். அல்சர், நெஞ்செரிச்சலுக்குத் தரப்படும் மாத்திரை இது. மெத்தனால் விஷத்துக்கு இது மருந்து கிடையாது.

ஃபோமெபிசோல் என்ன செய்யும்?

மெத்தனால் அப்படியே இருந்தால் பாதிப்பு குறைவுதான். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது அடுத்து ஃபார்மிக் அமிலமாக மாறும். உண்மையான எமன் இந்த அமிலம்தான். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் இது தடுக்கும். பார்வை நரம்பு சீக்கிரமே அடிவாங்கும். 'கண்ணு தெரியல' என நோயாளிகள் கதறுவது இதனால்தான்.

அந்த முதல் நொதியையே ஃபோமெபிசோல் முடக்கிவிடும். மெத்தனால் அமிலமாக மாறாமல் நிற்கும். பிறகு டயாலிசிஸ் மூலம் அதை வெளியேற்றலாம். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது உள்ளது.

அப்போ மருந்து இருந்தா போதுமா?

போதாது. ஏற்கெனவே உருவான அமிலத்தை இந்த மருந்தால் மாற்ற முடியாது. அதற்குத் தனி சிகிச்சை வேண்டும். அறிகுறிகள் தெரியவே பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகலாம். 'போதைதான், தூங்கினா சரியாயிடும்' என வீட்டில் படுத்துவிட்டால் அந்த நேரம் கைநழுவிப் போகும்.

கள்ளக்குறிச்சியில் முதல் உயிரிழப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என மாவட்ட நிர்வாகம் சொன்னது சர்ச்சையானதும் இதனால்தான். மருந்து கையிருப்பு எவ்வளவு முக்கியமோ, 'குடிச்சவங்க எல்லாரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்ற அறிவிப்பும் அவ்வளவு முக்கியம். போலீஸ் கேஸுக்குப் பயந்து தாமதித்தால், மருந்து இருந்தும் உயிர் மிஞ்சாது.