துபாய் அழைப்பு ஏன் அமெரிக்க அழைப்பைவிட விலை கூடியது?

மும்பையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நியூயார்க்கோ 12,500 கிலோமீட்டர். ஆயினும் இந்திய அலைபேசி எண்ணிலிருந்து இவ்விரு நகரங்களுக்கும் நேரடியாகப் பேசினால், சிறப்புத் திட்டம் எதுவும் போடாத நிலையில், அருகிலுள்ள துபாய்க்கே பல மடங்கு கட்டணம் விழுகிறது. இங்குள்ள பெரிய நிறுவனங்களின் ஐ.எஸ்.டி. பட்டியலில் அமெரிக்காவும் கனடாவும் மலிவான வரிசையில் இருக்கின்றன. வளைகுடா நாடுகள் விலை கூடிய வரிசையில் இருக்கின்றன. கலிபோர்னியாவில் மென்பொறியாளராக இருக்கும் மகனை ஹைதராபாத்திலிருந்து அழைக்கும் தாய் குறைவாகச் செலுத்துகிறார். துபாயில் கொத்து வேலை செய்யும் கணவனைப் பீகாரின் சிவான் மாவட்டத்திலிருந்து அழைக்கும் பெண் கூடுதலாகச் செலுத்துகிறார். வருமானம், தொலைவு இரண்டையும் ஒருங்கே தலைகீழாக்கிய இந்த விலை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பொதுவெளியில் எழுவதே இல்லை.

எழாததற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப் வந்தபின் வெளிநாட்டு அழைப்பு இலவசமாகிவிட்டது என்பது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நாட்டின் ஏழைப் புலம்பெயர் குடும்பங்கள் வாழ்கின்றன.

அழைப்பின் விலையைத் தொழில்நுட்பம் மட்டுமே தீர்மானித்த காலம் இந்தியாவில் இருந்ததில்லை. 1986இல் உருவான விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனமே நாட்டின் பன்னாட்டு அழைப்புகள் அனைத்துக்கும் ஒற்றை வாயிலாக இருந்தது. 1990களில் மஞ்சள் பலகை தொங்கிய பூத்துகளில் நின்று அமெரிக்காவுக்குப் பேசியவர்கள் நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்க்கும் மேல் கொடுத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும் கருவியைப் பார்த்தபடியே பேசிய தலைமுறை அது. சொல்ல வந்ததை மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். அரசு முதலில் அறிவித்திருந்த காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2002 ஏப்ரல் 1 அன்று அந்தத் தனியுரிமை முடிவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க அழைப்பு நிமிடத்துக்குப் பத்து ரூபாய்க்குக் கீழே இறங்கியது. புதிய கடலடிக் கம்பிவடங்கள் வந்ததும் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பூட்டைத் திறந்தது ஓர் அரசாணை. அதுவரை மக்கள் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி, வாயிலைக் காத்தவருக்குச் சென்ற சுங்கமே.

அந்தச் சுங்கம் இன்றும் வேறு பெயரில் தொடர்கிறது. ஒரு நாட்டிலிருந்து கிளம்பும் அழைப்பை மற்றொரு நாட்டின் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பேசியில் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கு அது பெறும் தொகைக்கு முடிவிடக் கட்டணம் என்று பெயர். அமெரிக்காவில் போட்டியும் ஒழுங்குமுறையும் சேர்ந்து அதை மிகச் சிறிய தொகையாக்கிவிட்டன. வளைகுடா நாடுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இரண்டோ மூன்றோதான்; அவற்றில் அந்தந்த அரசுகளுக்கே பெரும் பங்கு உண்டு. தங்கள் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவை கேட்கும் தொகை அதிகம். சிவானில் இருக்கும் பெண்ணின் ரீசார்ஜ் கரையும் இடம் இதுவே.

இதில் இந்தியாவின் கையும் சுத்தமானதன்று. உள்நாட்டு அழைப்புகளுக்கு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று செலுத்திய முடிவிடக் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கோ அது நீடிக்கிறது. 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதை 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. 2020 மே மாதம் முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையே நிறுவனங்கள் நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று மாற்றியது. சென்னையிலிருந்து வரும் அழைப்பையும் மஸ்கட்டிலிருந்து வரும் அழைப்பையும் லக்னோவில் ஒரு பேசியை ஒலிக்கச் செய்யும் வேலை ஒன்றே. முன்னதற்குக் கட்டணம் இல்லை, பின்னதற்கு உண்டு என்றால், அது செலவை ஈடுகட்டும் தொகை ஆகாது. வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டாரோடு பேசும் பேச்சின்மீது விதிக்கப்பட்ட வரி என்றே அதைச் சொல்ல வேண்டும்.

கட்டணம் உயர்ந்த இடத்தில் கள்ளச் சந்தை முளைக்கும். பத்து, நூறு சிம் அட்டைகளை ஒரு பெட்டியில் செருகி, இணையம் வழியே வரும் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்பும் சிம் பாக்ஸ் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. 2018இல் கட்டணத்தைக் குறைத்தபோது இந்தக் கள்ளச் சந்தையைக் கட்டுப்படுத்துவதையும் ஆணையம் ஒரு நோக்கமாகக் கூறியது. நோய் இன்னதென்று தெரிந்திருந்தும் இரண்டே ஆண்டுகளில் மருந்து மாற்றப்பட்டது. இதற்கிடையே வெளிநாட்டு எண்ணைப் போலிசெய்து ஏமாற்றும் கூட்டங்கள் பெருகி, +குறியோடு வரும் அழைப்பை எடுக்கவே மக்கள் அஞ்சும் நிலை உருவாகியிருக்கிறது. தந்தையின் உண்மையான அழைப்பும் அந்த அச்சத்தில் தவறிப்போகிறது.

இனி செயலிகளின் பக்கம் வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். நேரடியாகப் பேச மட்டும் வழியில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்களும் அனுமதி பெற்ற சில செயலிகளுமே அந்தச் சேவையைத் தரலாம். 2018 தொடக்கத்தில் அங்கே அறிமுகமான இணைய அழைப்புத் திட்டத்துக்கு அலைபேசியில் மாதம் 50 திர்ஹாம் விலை. மாதம் 1,000 திர்ஹாம் ஈட்டும் தொழிலாளிக்கு அது ஊதியத்தில் இருபதில் ஒரு பங்கு. தடையைச் சுற்றிக்கொண்டு போக விபிஎன் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் இணைய முகவரியை மறைத்துக் குற்றம் புரிந்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை தண்டம் என்று 2016இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. மனைவியோடு பேச விரும்புவதற்காக இத்தகைய சட்டத்தின் நிழலில் ஒருவர் நிற்க நேர்வது சிறிய செய்தியன்று. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தியது. மனம் வைத்தால் மாற்றலாம் என்பதற்கு அண்டை நாடே சான்று.

1970களிலும் 80களிலும் வளைகுடா சென்றவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊர் திரும்பும் நண்பரிடம் கொடுத்தனுப்பினார்கள். வீட்டார் அதைக் கூடி அமர்ந்து கேட்டு, மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பினார்கள். இன்று தொழிலாளர் முகாமிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவு அந்த நாடாவின் வழித்தோன்றல்தான். வேகம் கூடியிருக்கிறது, இடைமறித்துக் கேட்கவும், அழும்போது சமாதானப்படுத்தவும் இயலாத ஒருவழிப் பேச்சாகவே அது எஞ்சியிருக்கிறது.

செயலிகள் தடையின்றி இயங்கும் இடங்களிலும் இலவசம் என்பது நிபந்தனையோடு வருகிறது. இரு முனைகளிலும் தொடுதிரைப் பேசி வேண்டும், தரவுத் திட்டம் வேண்டும், செயலியை இயக்கும் பழக்கம் வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் முதியவரை அழைக்கச் சாதாரண எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். அதற்கு மலிவான வழியாகப் பல ஆண்டுகள் இருந்த ஸ்கைப், 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. இணையத்தையே அரசு அணைத்துவிட்டால் செயலியும் இல்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைத்தொடர்பு முடக்கப்பட்டபின், அங்குள்ளோர் சமூக ஊடகங்களை மீண்டும் முறையாகப் பயன்படுத்த 2020 மார்ச் வரை காத்திருந்தனர். வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த காஷ்மீரி மாணவர்களுக்கு அந்த ஏழு மாதங்களில் வீட்டோடு முகம் பார்த்துப் பேசும் வழி அடைபட்டிருந்தது. அழைப்பின் சாவி அமீரகத்தின் கையில் மட்டும் இல்லை.

கொள்கை மாறும்வரை குடும்பங்கள் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. ஐ.எஸ்.டி. திட்டத்தை அழைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அதில்லாமல் பேசும் ஐந்து நிமிடம் ஒரு மாதத் திட்டத்தின் விலையை விழுங்கக்கூடும். எந்த முனையிலிருந்து அழைத்தால் மலிவு என்பதை இரு நாட்டுக் கட்டணங்களையும் ஒப்பிட்டு முடிவுசெய்ய வேண்டும். இரண்டும் சமமாக இருப்பதில்லை. சாதாரண எண்ணுக்கு அழைக்க உதவும் இணையச் சேவைகளில் நிமிடக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிடக் கூடாது. இணைப்புக் கட்டணம், நிமிடத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் முறை, இருப்புத் தொகை காலாவதியாகும் நாள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் மிஸ்டு காலுக்குத் திருப்பி அழைக்கவே கூடாது. அது பணம் பறிக்கும் பழைய உத்தி.

எனினும் மலிவைத் தேடி அலையும் பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. 2022இல் இந்தியா பெற்ற வெளிநாட்டுப் பணவரவு 100 பில்லியன் டாலரைத் தாண்டியதாக உலக வங்கி கணக்கிட்டது. அந்தப் பணம் வரும் வழியைச் செம்மைப்படுத்த அரசுகள் முனைகின்றன. பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவையின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 2023 ஜூலையில் இந்திய, அமீரக மைய வங்கிகள் பணப் பரிமாற்ற அமைப்புகளை இணைக்க உடன்பாடு கண்டன. தொழிலாளியின் பணத்துக்கு இத்தனை அக்கறை காட்டப்படும்போது அவர் குரலுக்கும் ஓர் இலக்கு வேண்டாமா?

முன்மாதிரியும் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019 மே 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையிலான அழைப்புக்கு நிமிடத்துக்கு 19 சென்ட் என்ற உச்சவரம்பை, வரி நீங்கலாக, விதித்தது. அங்கே பல நாடுகள் ஒரே ஒன்றியத்தில் இருப்பதால் அது எளிது என்று வாதிடலாம். வளைகுடா நிறுவனங்கள் வருவாயை எளிதில் விட்டுத்தராது என்பதும், இந்தியா தன் கட்டணத்தை மட்டும் குறைத்தால் நம் நிறுவனங்களுக்கு இழப்பு என்பதும் எடைபோட வேண்டிய வாதங்களே. அதனால்தான் இதை நிறுவனங்களின் பேரத்துக்கு விட்டுவிடாமல் அரசுகளுக்கிடையிலான பேச்சில் வைக்க வேண்டும். அந்நாடுகளின் கட்டுமானமும் கடைத்தெருவும் பெருமளவில் இந்திய உழைப்பால் இயங்குகின்றன. பேரம் பேசும் வலு இந்தியாவிடம் உண்டு. இரு தரப்பும் முடிவிடக் கட்டணத்தை ஒருசேரக் குறைப்பது முதல் கோரிக்கையாகட்டும். தொழிலாளர் முகாம்களிலேனும் இணைய அழைப்பை அனுமதிப்பது இரண்டாவதாகட்டும். வெளிநாடு செல்வோருக்கு வெளியுறவு அமைச்சகம் நடத்தும் பயணத்துக்கு முந்தைய பயிற்சியில், அழைப்புக் கட்டணமும் அந்நாட்டு இணையச் சட்டமும் அவர்களின் தாய்மொழியில் விளக்கப்படட்டும்.

துபாய்க்கும் நியூயார்க்குக்கும் இடையிலான அந்த விலை வேறுபாடு இயற்கையின் நியதி அன்று. சில அலுவலகங்களில் சிலர் கையெழுத்திட்டு உருவானது, கையெழுத்தாலேயே மாற்றத்தக்கது. 2002இல் ஒருமுறை அப்படி மாறியதை இந்த நாடு கண்டிருக்கிறது.