தாளம் போடும் கையில் அடி எதற்கு?



காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இந்த மாதம் முழுக்க என் மேஜை மேலேயே இருந்தது. கணவருக்குத் தறி வேலை. ஒன்பது வயது மகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறார். சரளி வரிசை முதல் காலத்தில் நன்றாக வருகிறதாம். இரண்டாம் காலத்துக்குப் போனால் தாளம் தப்புகிறது. தப்பும்போதெல்லாம் ஆசிரியர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் அடிக்கிறார். “இப்போது வீட்டில் பாடும்போதும் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டுதான் விரல் எண்ணுகிறாள் ஐயா. அடிக்காமல் வித்தை வராது என்கிறார் என் மாமியார். நிஜமா?” என்று கேட்டிருக்கிறார்.

நிஜமில்லை சகோதரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மாமியார் சொல்வது அவர் ஒருவரின் பேச்சு இல்லை. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று சொல்லிச் சொல்லியே தலைமுறைகள் ஓடிவிட்டன. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று அடிக்கு ஒரு பெருமையையும் சேர்த்துவிட்டோம். இசை உலகில் இந்தப் பேச்சு இன்னும் பலமாகக் கேட்கும். பெரிய வித்வான் யாரைப் பற்றிப் பேசினாலும், அவர் குருவிடம் பட்ட அடியைச் சொல்லாமல் கதை முடிவதில்லை.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம்.  இளவயதில் குஸ்தி பழகியவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). பிறகு சங்கீதத்தில் இறங்கி, லயத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்னும்படி வளர்ந்தார். மேடையில் பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சிறுமிகளாக இவரிடம் படிக்கக் காஞ்சிபுரம் வந்து தங்கினார்கள். அவர்களுடைய தாயின் சகோதரி மகளான பாலசரஸ்வதி, 1925-இல் ஏழு வயதில் சலங்கை கட்டி அரங்கேறியதும் காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில்தான். பாலாவின் குரு கந்தப்பப் பிள்ளை தஞ்சை நால்வர் வழியில் வந்தவர். அவரைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய கடுமையைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்தக் காலத்து நட்டுவனார் கையிலிருந்த தட்டுக்கழி தாளம் தட்ட மட்டும் பயன்படவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்தப் பெயர்களை எடுத்துக் காட்டித்தான் அடிக்கு நியாயம் சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் தடை. பிருந்தாம்மாள் பிற்காலத்தில் தாமே பெரிய குருவானார். எம்.எஸ். சுப்புலட்சுமி போன்றவர்களே அவரிடம் போய்ப் பதம் பாடம் கேட்டார்கள். ஒரு சங்கதி அதன் வளைவு நெளிவோடு அப்படியே வந்து உட்காரும் வரை அடுத்ததற்குப் போகமாட்டார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். கண்டிப்பு என்றால் எனக்கு அதுதான். திரும்பச் சொல், இன்னொரு தரம், இன்னும் ஒரு தரம். அதற்குப் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும், மாணவியின் தொண்டையில் எந்த இடத்தில் சிக்குகிறது என்று கண்டுபிடிக்கும் காது வேண்டும். ஸ்கேலுக்கு இதில் எதுவும் வேண்டாம்.

கந்தப்பப் பிள்ளை பின்னாளில் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலைமையத்தில் நாட்டியம் கற்பிக்கப் போனார். அதே மையத்தில் சங்கீதம் கற்பித்தவர் அலாவுதீன் கான். வடக்கே கோபத்துக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். சாதகத்துக்கு முரண்டு பிடித்த மகன் அலி அக்பரை மரத்தில் கட்டிவைத்தவர் அவர். ஆனால் அதே வீட்டில் படித்த சிதார் கலைஞர் ரவிசங்கர், குரு தன்னை அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறார். 1935-இல் பம்பாய்த் துறைமுகத்தில் குருவும் சீடரும் கப்பல் ஏறும்போது, வழியனுப்ப வந்த ரவிசங்கரின் தாயார் மகனின் கையைப் பிடித்து அலாவுதீன் கானின் கையில் வைத்து, இவனை உங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த வார்த்தைக்கு அவர் கட்டுப்பட்டார். ஒரே ஒரு முறை, மணிக்கட்டில் பலமில்லை, போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்று சீறிவிட்டார். அதற்கே ரவிசங்கர் மூட்டை கட்டிவிட்டார். சமாதானம் செய்துதான் தங்கவைக்க வேண்டியிருந்தது. ஒரே குரு, ஒரே பாடம். ஒருவருக்கு மரத்தில் கட்டு, இன்னொருவருக்கு ஒரு அடிகூட இல்லை. இருவருமே உலகறிந்த கலைஞர்கள் ஆனார்கள். அடிதான் வித்தையைத் தந்தது என்றால் சிதார் எங்கிருந்து வந்தது?

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அடி வாங்கித் தேறியவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். அடி வாங்கி, அழுது, வீட்டுக்கு ஓடி, அப்புறம் தம்பூரா பக்கமே தலைவைக்காதவர்களின் பட்டியல் எந்த சபாவிலும் கிடையாது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆசிரியர் அடித்து, உடம்புக்கு வந்து, அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் சங்கீதம் இருந்ததால் அவர் பிழைத்தார். அது இல்லாத ஒரு மதுரைச் சிறுமிக்கு என்ன ஆகியிருக்கும்?

அதே காலத்தில் காஞ்சிபுரத்தில் டி.கே. பட்டம்மாள். 1919-இல் பிறந்தவர், எம்.எஸ்ஸுக்கு மூன்று வயது இளையவர். இனிஷியலில் உள்ள ‘டி’ உங்கள் காஞ்சிபுரம் பக்கத்து தாமல்தான். அவருக்கு முறையான குருகுலவாசம் கிடையாது. அப்பா சொல்லிக்கொடுத்த சுலோகங்களில் தொடங்கினார். தம்பிகளோடு கச்சேரிகளுக்குப் போய், கேட்டதை மனதில் வாங்கி, வீட்டில் பாடிப் பாடிப் பழகினார். அவர் காது கொடுத்துக் கேட்டவர்களில் நாயனாப் பிள்ளையும் உண்டு. லயக் கணக்கில் அப்படி ஓர் உறுதியோடு ராகம் தானம் பல்லவி பாடிய பெண் அவருக்கு முன் மேடையில் அபூர்வம். பள்ளி நாடகத்தில் அவர் பாடிப் பரிசு பெற்றபோது, படம் பத்திரிகையில் வந்துவிட்டதே என்று அப்பா கலங்கினார். அவரைத் தேற்றி, பெண்ணின் பாட்டை முன்னுக்குக் கொண்டுவரத் துணை நின்றவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள். ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியதும் ஆசிரியர்தான், இன்னொரு பெண்ணுக்கு மேடைக்கு வழி திறந்ததும் ஆசிரியர்தான்.

இனி அந்தத் தாளத்துக்கு வருகிறேன். இரண்டாம் காலத்தில் பாட்டு இரட்டிப்பு வேகம் எடுக்கும்போது குழந்தையின் கையும் கூடவே ஓடும். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பாட்டு எவ்வளவு ஓடினாலும் இந்தக் கை மாறாத வேகத்தில் நிற்க வேண்டும். வாய் ஒரு வேகம், கை ஒரு வேகம் என்பது ஒன்பது வயதுக்கு எளிதான காரியம் இல்லை. கவனக்குறைவு, திமிர் என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சில நாள் குழந்தையைப் பாடவிட்டுத் தாங்களே தாளம் போடுவார்கள். அப்புறம் தாங்கள் பாடி, குழந்தையைத் தாளம் மட்டும் போடச் சொல்வார்கள். இரண்டும் தனித்தனியாக நின்ற பிறகே சேர்ப்பார்கள். பயந்த குழந்தைக்கு மூச்சு மேலே ஏறிவிடும், தொண்டை இறுகும், சுருதி தானாக விலகும். அதற்கும் சேர்த்து ஒரு அடி விழும். உங்கள் மகள் கையை மறைத்துவிட்டாள் என்கிறீர்கள். இனி அந்தக் கை எங்கே தப்புகிறது என்று ஆசிரியரால் பார்க்கக்கூட முடியாதே.

ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை வீதிகளில் வளர்ந்தவர்களுக்கு, வேலை பழக்குகிறேன் என்று குழந்தை மேல் கைநீட்டுவது புதிதாகத் தெரிந்திருக்காது. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமென்றால் கோர்வை நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் ஒருவரால் ஆகாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். வெகுகாலம் அந்த இன்னொருவர் ஒரு பொடியனாகவோ சிறுமியாகவோதான் இருந்தார். காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் குழந்தைகள் கடனுக்கு ஈடாக வேலை செய்ததையும் அடிபட்டதையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு காஞ்சிப் பட்டு அழிந்துபோய்விடவில்லை. இன்று கோர்வைக்குப் பெரியவர்கள் உட்காருகிறார்கள். சேலை நெய்யப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆம் விதியை 2003-இல் திருத்தி, பள்ளிகளில் மாணவர்களை அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17-இல் உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுத்தது. இவை பள்ளிக்கூடத்துக்கு. வீட்டுத் திண்ணையிலும் மாடியிலும் நடக்கும் பாட்டு வகுப்பு இவற்றின் கீழ் வராது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 75, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதைத் தாக்கித் துன்புறுத்தினால் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அதற்காக நாளைக்கே வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் நேரில் போங்கள். மகள் பாடும் நேரத்தில் வகுப்பில் ஓர் ஓரமாக உட்காருங்கள். உட்காரக் கூடாது என்று சொல்லும் வகுப்பானால் அதுவே போதுமான பதில். “எத்தனை தரம் வேண்டுமானாலும் பாடச் சொல்லுங்கள், கூடுதல் நேரம் உட்காரவையுங்கள், கை மட்டும் வைக்காதீர்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். தாமும் அப்படியே அடிபட்டு வளர்ந்த ஆசிரியராக இருக்கலாம். வேறு வழி அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். சொன்னால் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறவில்லை என்றால் மகளை நிறுத்திவிடுங்கள். குருவை விட்டுப் போனால் சாபம் வரும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் காஞ்சிபுரத்து அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், பரதம் எல்லாம் அங்கே பாடமாக இருக்கின்றன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டாம் காலத்தில் கை ஓடும் குழந்தையை எப்படி நிறுத்தினீர்கள், சுருதி சேராத குரலை எப்படிச் சேர்த்தீர்கள் என்று உங்கள் கைப்பக்குவத்தை எழுதி அனுப்புங்கள். அடி வாங்கி இசையை விட்டவர்களும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஐயம்பேட்டைச் சகோதரிக்கு அந்த இதழைத் தபாலில் அனுப்பிவைப்பதாகப் பதில் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்