புத்தகத்துக்கும் பட்டம் உண்டுங்க

பொங்கல் நெருங்குதுன்னா எனக்கு ரெண்டு விதமான போன் வரும். ஒண்ணு, மஞ்சள் வெட்ட ஆள் எப்ப வேணும்னு கேட்டு. இன்னொண்ணு, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற நம்ம வாசகர்கள்கிட்டேர்ந்து. "புத்தகக் காட்சிக்குப் போறோம்ங்க, விவசாயம் பத்தி நல்லதா ரெண்டு மூணு சொல்லுங்க." நல்ல மனசோடதான் கேட்கிறாங்க. ஆனா நான் சொல்ற பதில் வருஷா வருஷம் ஒண்ணுதான். விவசாயப் புத்தகம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல சிரிக்க வைக்கிற மாதிரி ஒண்ணு வாங்குங்க. வாங்கின அன்னிக்கே படிக்கணும்னு இல்லை. அதுக்குன்னு ஒரு பருவம் வரும், அப்பப் படிங்க.

போன்ல இதை முழுசா விளக்க முடியறதில்லை. அதனால இந்த வருஷம் எழுதியே போட்டுடறேன்.

முதல்ல, ஏன் சிரிப்பு? நகரத்துல இருக்கிறவங்க கிராமத்தைப் பத்திப் படிக்கிறது பெரும்பாலும் ரெண்டே ரகம். ஒண்ணு அழுகை: வறட்சி, கடன், சாவு. இன்னொண்ணு பக்தி: மண்வாசனை, பாரம்பரியம், வேலையை விட்டுட்டு வந்து லட்சம் லட்சமா சம்பாதிச்ச கதை. முதல் ரகத்தைப் படிச்சவங்க எங்களைப் பார்த்துப் பாவம்ங்கிறாங்க. ரெண்டாவது ரகத்தைப் படிச்சவங்க ரெண்டு ஏக்கர் வாங்கலாமான்னு விலை கேட்கிறாங்க. பாவப்படறதுக்கும் விலை கேட்கிறதுக்கும் நடுவுல மனுசங்களாப் பாக்கிறவங்க குறைச்சல். எங்க ஊர்க் கட்டுத்தரையில ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. கடனும் இருக்கும், கூடவே அந்தக் கடன் கொடுத்தவரைப் பத்தின கேலியும் இருக்கும். எங்க அப்பத்தா எழவு வீட்டுலகூட நாலு பேரைச் சிரிக்க வெச்சிட்டு வரும். அந்தச் சிரிப்பு இல்லாம எழுதின கிராமம் பாதிக் கிராமம்தான். பாதியைப் பார்த்துட்டு நிலம் வாங்கினா என்ன ஆகும்னு பின்னாடி சொல்றேன்.

அடுத்தது, ஏன் பருவம்? எங்களுக்கு எதுக்கும் பட்டம் பாக்கிற பழக்கம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா சொல்லி வைக்கலை. எள்ளுக்கு மாசிப் பட்டம். கொள்ளுக்குப் புரட்டாசி, ஐப்பசி. பட்டம் தப்பிப் போட்டாலும் விதை முளைக்கும், முளைக்காம இருக்காது. ஆனா காய் பிடிக்காது. புத்தகமும் அப்படித்தான்னு நான் நினைக்கிறேன். மழையைப் பத்தின புத்தகத்தைச் சித்திரை வெயில்ல ஏசி ரூம்ல படிச்சா புரியும். ஆனா மனசுல நிக்கிறதுக்கு, ஜன்னலுக்கு வெளியில மழை பெய்யணும். எல்லாப் புத்தகத்தையும் சனவரியிலேயே வாங்கி அலமாரியில அடுக்கிட்டு, பிப்ரவரியில மறந்துடறதுக்குப் பதிலா, மாசத்துக்குத் தகுந்த மாதிரி எடுத்துப் படிக்கலாமே.

என் பட்டியலைச் சொல்றேன்.

தையும் மாசியும் எங்களுக்கு மஞ்சள் வெட்டற காலம். வெட்டி, வேக வெச்சு, காயப் போட்டு, பாலிஷ் போட்டு முடிக்கிறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சிடும். உங்களுக்கும் சனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் ஆபீஸ்ல கணக்கு முடிக்கிற நேரம். இந்த மாதிரி நாள்ல நானூறு பக்க நாவலைத் தூக்கக் கூடாது. துண்டு துண்டாப் படிக்கிற புத்தகம் வேணும். அதுக்குக் கி. ராஜநாராயணனோட 'கரிசல் காட்டுக் கடுதாசி'. ஜூனியர் விகடன்ல தொடரா வந்த கட்டுரைகள். ஒவ்வொண்ணும் சின்னது, ஒரு டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும். கி.ரா. கோவில்பட்டி பக்கம் இடைசெவல்ல விவசாயம் பார்த்தவர். அவர் எழுத்துல விவசாயி அழுதுக்கிட்டே இருக்க மாட்டார், வம்பு பேசுவார், சாப்பாட்டை ரசிப்பார். 2021-ல் அவர் இறந்தப்ப அரசு மரியாதையோட அடக்கம் பண்ணினாங்க. மரியாதை பெருசுதான். ஆனா அவரைப் படிச்சுச் சிரிக்கிறது அதைவிடப் பெருசுன்னு எனக்குத் தோணும்.

இதே காலத்துக்கு இன்னொண்ணு, நாஞ்சில் நாடனோட 'நாஞ்சில் நாட்டு உணவு'. கன்னியாகுமரி மாவட்டத்துச் சமையலைப் பத்தின புத்தகம். பொங்கல் கழிஞ்சு மீந்த பலகாரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க. வெறும் வயித்தோட மட்டும் எடுக்காதீங்க.

சித்திரை, வைகாசி. பள்ளிக்கூடம் லீவு. அப்புச்சி வீட்டுக்குன்னு நகரத்துப் பிள்ளைங்க எங்க ஊருக்கு வருவாங்க. மூணாவது நாளே போனை எடுத்துக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்துக்கும். அதுங்களைத் திட்டிப் புண்ணியமில்லை. மத்தியான வெயில்ல நாங்களே வேப்பமரத்தடியை விட்டு நகர மாட்டோம். அந்த நேரத்துக்குப் பிள்ளைங்க கையில கொடுக்க ரெண்டு புதுப் புத்தகம். உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை', கீழடியை வெச்சு எழுதின சிறுவர் நாவல், 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது. விஷ்ணுபுரம் சரவணனோட 'ஒற்றைச் சிறகு ஓவியா', 2025-ல் அதே விருது வாங்கினது. ஒத்தைச் சிறகு எப்படி இருக்கும்னு பிள்ளை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும், புத்தகம் ஜெயிச்ச மாதிரிதான்.

கூடவே ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதின 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. இதைப் படிக்கக் கூட வேண்டாம், பையில வெச்சிருந்தாப் போதும். வெயில் காலத்துல தொட்டியில கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சாப் பறவை தானா வரும். படத்தைப் பாத்துப் பேர் கண்டுபிடிக்கிறது பிள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டு. நாங்க வருஷக்கணக்கா வெறும் குருவின்னு சொல்லிக்கிட்டிருக்கிறதுக்கு எல்லாம் தனித்தனிப் பேர் இருக்குன்னு பிள்ளைங்க எங்களுக்கே பாடம் எடுக்கும். கேட்டுக்க நல்லாத்தான் இருக்கும்.

ஆடி, ஆவணி. எங்க பக்கம் காத்து ஆளைத் தூக்கும். கீழ்பவானி வாய்க்கால்ல எப்பத் தண்ணி விடுவாங்கன்னு எல்லாரும் அணை நீர்மட்டம் பாத்துக்கிட்டு இருப்போம். இதே ஆகஸ்ட்லதான் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவும். சென்னைக் காட்சிக்கு 1977-லேர்ந்து வரலாறு இருக்கலாம், எங்களுக்கு ஈரோடுதான் சொந்தம். டவுன் பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு, பொழுதோட வீடு வந்துடலாம்.

இந்தப் பருவத்துக்குப் பெருமாள்முருகனோட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016-ல் வந்தது. ஒரு கிழவன் கிழவிகிட்ட வந்து சேர்ற கறுப்பு ஆட்டுக்குட்டியோட கதை. இதைச் சோகக் கதைன்னு சொல்லி நிறையப் பேர் ஒதுக்கிடறாங்க. சோகம் இருக்குதுங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி நம்பர் வாங்கறதுக்கு ஜனங்க அதிகாரிங்க முன்னாடி வரிசையில நிக்கிற இடம் வருது பாருங்க, அதைப் படிச்சிட்டுச் சிரிக்காத விவசாயி இருக்க முடியாது. சிட்டாவுக்கும் அடங்கலுக்கும், மானிய விண்ணப்பத்துக்கும் நின்ன கால் எங்களுது. யாரோ நம்மளைப் பாத்துக்கிட்டே எழுதின மாதிரி இருக்கும். நீங்க ஆதார் திருத்தத்துக்கு நின்னிருந்தா உங்களுக்கும் சிரிப்பு வரும்.

ஐப்பசி, கார்த்திகை. அடைமழை. காட்டுக்குள்ள காலை வெச்சா முழங்கால் வரைக்கும் சேறு. களை பறிக்க முடியாது, மருந்தடிக்க முடியாது. வருஷத்துல விவசாயிக்குக் குற்ற உணர்ச்சி இல்லாம உட்கார்ந்து படிக்கக் கிடைக்கிற காலம் இது ஒண்ணுதான். பெரிய புத்தகத்தை இப்பத் திறக்கணும். சோ. தர்மனோட 'சூல்', 2019-ல் சாகித்ய அகாடமி வாங்கின நாவல். உருளைக்குடிக் கண்மாயைச் சுத்தின கதை. தண்ணி நிறைஞ்ச கண்மாயைச் சூலியாப் பாக்கிற கண்ணு அதுல இருக்கு. ஊர்க் கண்மாயை ஊரே எப்படிப் பராமரிச்சது, அந்தப் பொறுப்பு எப்படிக் கைமாறிப் போச்சுங்கிறதைப் பாடம் மாதிரிச் சொல்லாம, ஊர்ப் பேச்சும் கிண்டலுமாச் சொல்லியிருப்பார். உங்க அபார்ட்மென்ட் வாசல்ல தண்ணி நிக்கும்போது படிங்க. அந்தத் தண்ணி எங்கே போக வேண்டியதுன்னு ஒரு கேள்வி தானா வரும்.

பெரிய நாவல் வேண்டாம்னா மா. கிருஷ்ணனோட 'மழைக்காலமும் குயிலோசையும்'. ஆங்கிலத்துல 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு 1950-லேர்ந்து கடைசி வரைக்கும் இயற்கையைப் பத்தி எழுதிக்கிட்டே இருந்தவர். அவர் தமிழ்ல எழுதின கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கார். காகத்தையும் அணிலையும் இவ்வளவு பொறுமையாப் பாக்க முடியுமான்னு இருக்கும். அதுக்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, மொட்டைமாடி போதும்.

இப்ப, பின்னாடி சொல்றேன்னு சொன்ன விஷயம். விவசாயப் புத்தகம் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க கடைசியில வாங்கறது பெரும்பாலும் ஃபுகோகாவோட 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. நல்ல புத்தகம், நானும் ரெண்டு மூணு தடவை படிச்சிருக்கேன். உழவு வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம்னு அவர் சொல்றது கேட்க இதமா இருக்கும். ஆனா அதைத் தை மாசம் படிக்காதீங்க. தையில எங்க ஊருக்கு வந்தா எல்லாம் பச்சையா இருக்கும், வாய்க்கால்ல தண்ணி ஓடும், காத்து குளுகுளுன்னு இருக்கும். புத்தகமும் அந்தப் பச்சையும் சேர்ந்தா கை தானா செக் புக்கைத் தேடும். அப்படி வாங்கின நிலங்கள் எங்க சுத்து வட்டாரத்துலேயே இருக்கு. கம்பி வேலி, பெரிய கேட், உள்ளே சீமைக்கருவேல். வாங்கினவங்க கெட்டவங்க இல்லை. ரெண்டு கோடை தாங்கிட்டு, போர்வெல் வத்தினதும் வர்றதை நிறுத்திட்டாங்க. அந்த விலைதான் இப்ப அக்கம்பக்கத்து விலை. நிலம் குத்தகைக்குப் பார்த்துக்கிட்டிருந்த எங்க ஊர்ப் பையன் அந்த விலைக்கு ஒரு சென்ட் வாங்க முடியாது.

அதனால அந்தப் புத்தகத்துக்கு நான் சொல்ற பட்டம் சித்திரைக் கடைசி. கிணத்துல தண்ணி அடியில கிடக்கும்போது, எங்க ஊருக்கே வந்து, ஃபேன் இல்லாத திண்ணையில உட்கார்ந்து படிங்க. அவர் நிலம் இருந்தது ஜப்பான்ல சிகோகு தீவில். அங்கே எங்க ஈரோட்டு மழையைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு மழை. இன்னொண்ணு, அப்பா ஒப்படைச்ச ஆரஞ்சு மரங்களைக் கவாத்து பண்ணாம அப்படியே விட்டு, மரங்க பட்டுப்போனதை அவரே அந்தப் புத்தகத்துல எழுதியிருக்கார். எனக்கு அந்தப் பக்கம்தான் புத்தகத்திலேயே முக்கியமான பக்கம். சும்மா விட்டுடறது வேற, இயற்கையோட சேர்ந்து பண்ணையம் பாக்கிறது வேறன்னு அவர் கத்துக்கிட்ட இடம் அது. கோடையில படிச்சா அந்தப் பக்கம் கண்ணுல படும். பொங்கல்ல படிச்சா விரல் அதைத் தாண்டிப் போயிடும்.

"புதுப் புத்தகம் கேட்டா நீங்க பழசையும் கலந்து சொல்றீங்களே"ன்னு ஒருத்தர் கேட்பார். கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது, படிக்காதவங்களுக்கு இன்னிக்கும் அது புதுசுதான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். உண்மைக் காரணம் வேற. புதுப் புத்தகம் சென்னையில வந்த அன்னிக்கு எங்க ஊருக்கு வர்றதில்லை. எங்க பக்கத்துல புத்தகக் கடைன்னா அது நோட்டும் கைடும் விக்கிற கடை. 1948-லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முது, வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டறோம். கிளை நூலகமும் இருக்கு. ஆனா புது நாவல் அங்கே வர்றதுக்குள்ள நீங்க அதைப் படிச்சு, பேசி, மறந்தே போயிருப்பீங்க.

அதனால நகரத்துல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வர்றீங்க. எங்க வீட்டுல சக்கரைக்காரங்க அதிகமாயிட்டாங்க, அதைத் தொட ஆளில்லை. அதுக்குப் பதிலா நீங்க படிச்சுச் சிரிச்ச புத்தகம் ஒண்ணைக் கொண்டு வாங்க. அந்தந்தப் பருவத்துக்கு ஒண்ணு. பள்ளிக்கூட டீச்சர்கிட்டயோ, திண்ணையில உட்கார்ந்திருக்கிற பிள்ளைகிட்டயோ கொடுத்துட்டுப் போங்க. போட்டித் தேர்வுக் கைடும், தன்னம்பிக்கைப் புத்தகமும் வேண்டாம், அது எங்ககிட்ட எடைக்குப் போடற அளவுக்கு இருக்கு. கொடுக்கும்போது "படிச்சிட்டு மார்க் வாங்கு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எந்தப் பக்கத்துல உங்களுக்குச் சிரிப்பு வந்ததுன்னு சொல்லிட்டுப் போங்க, மிச்சத்தை அதுங்க பாத்துக்கும்.

இந்த வருஷம் போன் பண்றவங்களுக்கும் சேர்த்துத்தான் இவ்வளவும். புத்தகக் காட்சிக்குப் போயிட்டு வந்து என்ன வாங்கினீங்கன்னு சொல்லுங்க. மஞ்சள் வேக வைக்கிற வேலை இருக்கு, பதில் சொல்ல ரெண்டு நாள் ஆகலாம்.