எந்த ஊர்க் காசு?

பழங்காசு ஒன்றைக் கையில் கொடுத்தால் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்ளோ தேறும்?" இரண்டாவது, "ஒரிஜினல்தானா?" எங்கே கிடைத்தது என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும் வியாபாரி சிரிப்பார்: "அதெல்லாம் எதுக்கு சார், காசப் பாருங்க." அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை. நானும் காசு சேர்ப்பவன்தான். சேர்ப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை.

சொல்லவும் முடியாது. சங்க கால மன்னர்கள் தங்கள் பெயரில் காசு வெளியிட்டார்கள் என்பதை நிலைநாட்டியதில் சேகரிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக் காசை 1980களில் அடையாளம் கண்ட இரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகையாசிரியர், சேகரிப்பாளர். மாக்கோதை, கொல்லிரும்பொறை என்ற சேரர் பெயர்களைக் கரூர் அமராவதி ஆற்று மணல் கொடுத்தது.

ஆனால் மாக்கோதையின் காலம் என்ன? காசிலுள்ள தலை உரோமானியக் காசுத் தலைபோல இருக்கிறது, எழுத்தின் வடிவம் இப்படி இருக்கிறது என்றுதான் கணிக்கிறோம். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டோடு கிடந்தது என்ற சாட்சி அந்தக் காசோடு வரவில்லை. ஆற்றில் அடித்து வந்ததற்கு அடுக்கு ஏது என்பீர்கள். சரி. வயலில் கிடைத்ததையும் "கரூர் ஆத்துல எடுத்தது" என்று விற்றால் யார் கண்டுபிடிப்பது?

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போகவேண்டும். 1898இல் அங்கே கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. சந்தையில் வெட்டு என்றால் குறை, விலை இறங்கும். வரலாற்றுக்கோ அந்த வெட்டுதான் பொக்கிஷம். உரோமானியக் காசில் இந்த மண்ணில் விழுந்த தடம் அது. ஒரே இடத்தில், ஒன்றாகக் கிடைத்ததாலும், அது பதிவானதாலும் அந்த வெட்டு இன்றுவரை விவாதிக்கப்படும் கேள்வியாயிற்று. ஆளுக்கு ஒன்றாகச் சிதறியிருந்தால் "டேமேஜ் பீஸ்" என்று ஒதுக்கியிருப்போம்.

வியாபாரியை மட்டும் திட்டினால் பாதி நியாயம்தான். பொய் சொல்லச் சட்டமே கற்றுக்கொடுக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரும். சில கிராம் செம்புக்கு என்ன வரும்? டீச்செலவுக்குக் காணாது. தெரிவிக்காமல் மறைத்தாலோ ஜெயில், அபராதம். கிணறு வெட்டுகிறவர் என்ன செய்வார்? காசைப் புளி போட்டுத் தேய்த்து, ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு, வியாபாரியிடம் நீட்டுவார்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் ஒரு பதிவுத் திட்டம் நடக்கிறது. புதையல் சட்டத்துக்குள் வராத பொருளைக் கண்டெடுத்தவர் அதைக் காட்டலாம். இடத்தையும் படத்தையும் பதிந்துகொண்டு பொருளை அவரிடமே திருப்பித் தருகிறார்கள். 'காசு உன்னோடு இருக்கட்டும், இடத்தை மட்டும் சொல்' என்கிற அளவுக்குக்கூட நம்மை நம்ப நம் அரசுக்கு மனமில்லை.

சட்டம் மாறும்வரை சேகரிப்பாளர்கள் காத்திருக்கத் தேவையில்லை. வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டு கேளுங்கள்: ஊர், கிடைத்த நாள், கூடக் கிடைத்தவை. சீட்டு இல்லாவிட்டால் விலையைக் குறையுங்கள். எழுத்து தெளிவாக இருந்தால் விலையைக் கூட்டத் தெரிகிற நமக்கு, ஊர் தெரிந்தால் கூட்டத் தெரியாதா? காசைத் தேய்க்காதீர்கள்; ஆசிட்டில் போடவே போடாதீர்கள். பச்சைக் களிம்போடு ஒட்டியிருக்கும் மண்ணும் சாட்சிதான்.

இதைச் செய்ய மறுப்பவர் ஆல்பம் ஆல்பமாகச் சேர்க்கட்டும். வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் மேடையில் சொல்ல வேண்டாம்.