இரண்டாம் பாகத்துக்குக் கதை யார்?

ஓசூரிலிருந்து பெங்களூர் சாலையில் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது அத்திபெலே. ஜூஜூவாடி முடிந்ததும் பெயர்ப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். காவிரிப் பிரச்சினை சூடுபிடித்தால் தமிழகப் பஸ்கள் எல்லையிலேயே நின்றுவிடுவதும், வாட்டாள் நாகராஜ் தன் ஆட்களுடன் இங்கே வந்து மறியல் செய்வதும் பழைய வழக்கம். பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்த ஊரின் பெயர் அப்படித்தான் அறிமுகம். சமீப ஆண்டுகளில் இந்த எல்லைக்கு இன்னொரு உபயோகமும் ஏற்பட்டிருக்கிறது. பெரிய நட்சத்திரத்தின் படம் வெளியாகும் நாளில், இருட்டு விலகும் முன்பே ஓசூர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் இதைக் கடந்து போகிறார்கள், படம் பார்க்க.

காரணம் நேரம்தான். 2023 ஜனவரியில் சென்னையில் 'துணிவு' படத்தின் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில், லாரி மீது ஏறி ஆடிய 19 வயது ரசிகர் கீழே விழுந்து இறந்துபோனார். அதிகாலைக் காட்சிகளுக்குத் தமிழக அரசு கதவைச் சாத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ'வின் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் வரை போயும் கிடைத்தது காலை 9 மணிதான். கர்நாடகத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2024-ல் 'இந்தியன் 2', 2025-ல் 'கூலி' என்று ஓசூரில் 9 மணிக்குத் தொடங்கிய படங்கள் அத்திபெலேக்கு அப்பால் அதிகாலையிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. ஒரே ஒருமுறை போக்குவரத்து தலைகீழானது. கன்னட மொழியைப் பற்றி கமல்ஹாசன் சொன்ன ஒரு வாக்கியத்தால் 2025 ஜூன் 5-ம் தேதி 'தக் லைஃப்' கர்நாடகத்தில் வெளியாகவில்லை. அப்போது பெங்களூர்த் தமிழர்கள் இதே சாலையில் ஓசூருக்கு வந்தார்கள்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, அதிக விலைக்கு டிக்கெட் வாங்கி, மாநிலம் தாண்டிப் போகிறவரைத் தீவிர பக்தர் என்றுதான் நினைக்கத் தோன்றும். பக்தர்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் படங்களைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த விமர்சகரும் இவ்வளவு அவநம்பிக்கையோடு பேசமாட்டார். நடிகரைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. டைரக்டரைக்கூடப் பாதி மன்னித்துவிடுவார். திரும்பத் திரும்ப அவர் கேட்பது ஒன்றுதான்: எழுதியது யார்?

தமிழ் சினிமா ரசிகர் இப்படிக் கேட்பது புதிது. 'கதை, திரைக்கதை, வசனம், டைரக்‌ஷன்' என்று ஒரே பெயர் திரையில் விழுவதற்குப் பழகிப்போன தலைமுறை நம்முடையது. எழுத்தாளர் என்று ஒருவர் தனியாக இருக்கிறார் என்ற நினைவு ரசிகருக்கு எப்படி வந்தது? எனக்குத் தோன்றுவது, தொடர் படங்கள்தான் அதைக் கற்றுக்கொடுத்தன. முதல் பாகத்தில் இருந்தது எல்லாம் இரண்டாம் பாகத்திலும் இருக்கிறது. அதே பெயர், அதே வேஷம், அதே முத்திரை. இருந்தும் படம் நிற்கவில்லை. அப்படியென்றால் விட்டுப்போனது எது என்று யோசிக்க ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை.

'இந்தியன்' 1996-ல் வந்தபோது வசனம் சுஜாதா. 2008-ல் அவர் இறந்துபோனார். 2024 ஜூலை 12-ல் வந்த 'இந்தியன் 2'-க்கு எழுத்தாளர்களே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் என்று மூன்று பேர். மூவரும் தேர்ந்தவர்கள். ஆனால் எடுத்த காட்சிகள் ஒரு படத்தில் அடங்காமல் இரண்டு படங்களாகப் பிரிந்தன. வெளியான பிறகு சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. படம் முடிந்ததும் 'இந்தியன் 3'-ன் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். இரண்டாம் பாகம் பிடிக்காமல் எழுந்து நின்ற ரசிகரிடமே மூன்றாம் பாகத்துக்கு விளம்பரம்! மூன்று எழுத்தாளர்களில் யாராவது ஒருவருக்கு, கதை இங்கே முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

படவுலகத்தின் பதில் தெரிந்ததுதான். புதிய படத்தைவிடப் பழைய பெயருக்கு வியாபாரம் சுலபம். டெலிவிஷனும் ஓ.டி.டி. கம்பெனிகளும் பெயரைக் கேட்டே விலை பேசுகின்றன. அதனால் பெயரும் வெளியீட்டுத் தேதியும் முதலில் வருகின்றன, கதை பிறகு.

பெயரை முதலில் வைத்துவிட்டுக் கதையைத் தேடுவது நம் ஊரில் புதிய பாவம் அல்ல. எஸ்.எஸ். வாசனே செய்திருக்கிறார். 'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' இரண்டும் ஓடிய பிறகு அடுத்த படத்துக்காக ஜெமினியின் கதை இலாகா ஒரு கதை சொன்னது. வாசனுக்குக் கதை பிடிக்கவில்லை, கதாநாயகியின் பெயர் பிடித்துவிட்டது. 'சந்திரலேகா' என்று விளம்பரமும் கொடுத்துவிட்டார். மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தும் இலாகாவுக்கு ஒன்றும் தேறவில்லை. பொறுமை இழந்த வாசன் ஒரு வாரம் கெடு வைத்தார். அதற்குள் கதை வராவிட்டால் படத்தையே கைவிட்டு 'ஔவையா'ருக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அந்தக் கெடுவுக்குள் ஜெமினியில் இருந்த வேப்பத்தூர் கிட்டு, ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு பழைய நாவலில் கண்ணை வைத்தார். இரவில் ஒரு தபால் வண்டியைக் கொள்ளையர் மறிக்கிறார்கள், உள்ளே ஒளிந்திருந்த பெண்ணை ஆடச் சொல்கிறார்கள். அந்தப் பொறியிலிருந்து வளர்ந்தது கதை. படம் 1948 ஏப்ரல் 9-ல் வெளியானது. முரசு நடனத்தை இன்றைக்கும் பேசுகிறோம்.

இதைவிடக் கடுமையான ஸ்டூடியோ ஆதிக்கம் இருக்க முடியுமா? எழுத்தாளர்கள் மாதச் சம்பளக்காரர்கள், கடைசி வார்த்தை முதலாளியுடையது. 1952-லிருந்து ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன் அந்தக் கதை இலாகாவைக் கேலியோடுதான் நினைவுகூர்ந்தார். ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் இருந்தன. கதைக்கென்று உட்கார ஒரு அறை இருந்தது. கதை இல்லையென்றால் விளம்பரம் கொடுத்த படத்தையும் நிறுத்திவிடுவேன் என்று சொல்ல ஒரு முதலாளி இருந்தார். ஏவி.எம்.மிலும் தேவர் பிலிம்ஸிலும்கூடக் கதை இலாகா உண்டு. இன்று அந்த அறை போய்விட்டது. முதலாளியின் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அனுபவமில்லாதவர்களிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு வாதம் உண்டு. ஹாலிவுட்டிலும் இது கேட்கிறது. மார்வெலின் 2023-ம் வருட 'ஆன்ட்-மேன்' படத்தை எழுதிய ஜெஃப் லவ்னெஸுக்கு அதுதான் முதல் சினிமாத் திரைக்கதை; படம் அடி வாங்கியதும் பழி அவர் தலையில் விழுந்தது. அதே 2023-ல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சின்னக் குழு, குறைந்த வாரங்கள், படப்பிடிப்புத் தளத்தில் நிற்கக்கூட அழைப்பில்லை. அப்புறம் அனுபவம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் முறையீடுகளில் ஒன்று.

நம்மிடம் இதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2012-ல் கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா' எடுத்தார். 2013 மே மாதம் நலன் குமாரசாமி 'சூது கவ்வும்' எடுத்தார். இருவருக்கும் முதல் படம். இருவரும் கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வந்தவர்கள். இரண்டுக்கும் தயாரிப்பாளர் சி.வி. குமார். அனுபவமில்லாதவர்களை நம்பியதால் தமிழ் சினிமாவுக்கு அவர் செய்தது சாதாரண உபகாரம் அல்ல. பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யும் அவர் தயாரிப்புதான்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2013 நவம்பரிலேயே 'பீட்சா 2: வில்லா' வந்தது, வேறு டைரக்டர், முதல் படத்தோடு சம்பந்தமே இல்லாத கதை. 2023-ல் 'பீட்சா 3', இன்னொரு டைரக்டர். 2024 டிசம்பரில் 'சூது கவ்வும் 2', நலன் குமாரசாமி இல்லாமல். முதல் படங்கள் பெற்ற பெயரில் கால்வாசிகூட இவை பெறவில்லை. இங்கேயும் புதியவர்கள்தான், அங்கேயும் புதியவர்கள்தான். 2012-ல் வந்த புதியவர் தன் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தார், தலைப்பும் அவருடையது. பின்னால் வந்தவரிடம் தலைப்பைக் கொடுத்து, இதற்குள் ஒரு கதையைப் பொருத்து என்றார்கள். வில்லாவை 'வில்லா' என்றே வெளியிட்டிருந்தால் அந்த இளைஞரை ரசிகர்கள் இன்னும் கொஞ்சம் அன்போடு பார்த்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். பீட்சாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தண்டனையாவது கிடைத்திருக்காது.

இதைத் தலைமுறைக்கு முன்பே பார்த்தவர்களும் உண்டு. 1979-ல் 'கல்யாணராமன்' சக்கைப்போடு போட்டது. 1985-ல் அதே பஞ்சு அருணாசலம் கதையில், அதே கமல்ஹாசன், 'ஜப்பானில் கல்யாணராமன்' ஆகத் திரும்பி வந்தார். டோக்கியோவைச் சுற்றிக் காட்டினார்கள். பல்லை நினைவிருக்கிறது, கதை நினைவில்லை.

தொடர் படம் என்றாலே ரசிகர் முகம் சுளிக்கிறார் என்றும் சொல்ல முடியாது. சுந்தர் சி.யின் 'அரண்மனை' நான்காவது பாகம் 2024-ல் நன்றாகவே ஓடியது. 'முனி', 'காஞ்சனா' என்று ராகவா லாரன்ஸ் 2007-லிருந்து பேய் ஓட்டுகிறார். இவற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியும், சமைப்பவரும் அவரேதான். 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமாக வந்ததை யாரும் குறை சொல்லவில்லை. கல்கி 1950-களிலேயே கதையை முடித்துவிட்டார். பெங்களூர்க்காரர்களான ஹொம்பாளே பிலிம்ஸின் 'கே.ஜி.எஃப்.' முதலில் ஒரே படமாக யோசிக்கப்பட்டு 2018, 2022 என இரண்டாகப் பிரிந்தது. இரண்டாவது, முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒரு கதையை இரண்டாக வெட்டுவது ஒரு காரியம். ஒரு தலைப்பை இரண்டாகப் பெருக்குவது வேறு காரியம். அத்திபெலே வரிசையில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

லோகேஷ் கனகராஜ் விஷயத்தில்தான் அவர் குழம்பிப்போகிறார். 'கைதி' (2019) ஒரே இரவில் நடக்கும் கதை, எதற்கும் முன்கதையாக வரவில்லை. 'விக்ரம்' (2022) அதோடு கைகோத்தது. 'எல்.சி.யு.' என்று ஒரு சொல் பிறந்து ரசிகர் மன்றங்கள் அதை வேதமாக்கின. 'லியோ'வில் 'கைதி' போலீஸ்காரர் நெப்போலியன் வந்ததும், கடைசியில் டெலிபோனில் விக்ரமின் குரல் கேட்டதும் தியேட்டர் அதிர்ந்தது. ஃபிளாஷ்பேக்குக்கு அந்த அதிர்வு இல்லை. ஒரு படத்தின் பெரிய கைதட்டல் இன்னொரு படத்துக்குக் கிடைத்தால் எழுதியவர் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். 'கூலி' தனிப் படம், அதில் எல்.சி.யு. கிடையாது என்று லோகேஷ் முன்கூட்டியே சொல்லியும் ரசிகர்கள் அதில் முடிச்சைத் தேடினார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. பழக்கிவிட்டது யார்?

ஹொம்பாளேயின் அடுத்த திட்டத்தைக் கேட்டால் தலை சுற்றும். 2025-ல் 'மகாவதார்' என்ற வரிசையில் 7 அனிமேஷன் படங்களை அறிவித்தார்கள். முதலாவதான 'மகாவதார் நரசிம்மா' அந்த ஜூலையிலேயே வந்து வசூலை அள்ளியது. கடைசிப் படம் கல்கி அவதாரத்தின் இரண்டாம் பாகம், வருஷம் 2037. இதிகாச புராணங்கள் என்பதால் கதைக்குப் பஞ்சமில்லை என்று சொல்லலாம். கல்கி அவதாரம் மட்டும் இன்னும் நடக்கவில்லை. அதை யாராவது உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். எழுதப்போகிறவர் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கக்கூடும்.

இவ்வளவு அவநம்பிக்கை இருந்தும் அடுத்த படத்துக்கும் அந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லையைத் தாண்டும். காலை 9 மணிக்கு ஓசூர் தியேட்டர் வாசலில் கூட்டம் சேரும்போது அந்தப் பக்கம் படம் முடியும் தறுவாயில் இருக்கும். செல்போன்கள் ஒலிக்கும். சண்டை எப்படி, என்ட்ரி எப்படி என்று முன்பெல்லாம் கேட்டார்கள். இப்போது முதலில் கேட்பது, "மச்சி, கதைன்னு ஏதாவது இருக்கா?" அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர ஒரு நொடி தாமதமானால், இந்தப் பக்கம் கையில் டிக்கெட்டோடு நிற்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். புரிந்துகொண்டே உள்ளே போவார்.