சடலத்துக்குப் பெயர் உண்டா?

தமிழின் சிறந்த துப்பறியும் சிறுகதைகளைத் தேர்ந்தெடுப்பது கடினம் என்கிறார்கள். கதைகள் ஏராளம், மலிவுத் தாள் மக்கிவிட்டது, நூலகங்கள் சேர்த்துவைக்கவில்லை. எல்லாம் உண்மைதான். நம் கோவைக்காரர் ராஜேஷ்குமார் ஒருவரே 1500 நாவல்களைத் தாண்டிவிட்டார், சிறுகதைகள் தனிக்கணக்கு. ஆனால் உண்மையான கடினம் வேறு. எதை வைத்து ‘சிறந்தது’ என்கிறோம்?

வழக்கமான அளவுகோல்கள் இரண்டு. குற்றவாளியைக் கடைசிவரை ஊகிக்க முடியக்கூடாது. நடை விறுவிறுப்பாக இருக்கவேண்டும். இவற்றில் தேறிய கதைகளை அடுக்கிப் பாருங்கள். முதல் பக்கத்தில் எத்தனை பெண் பிணங்கள்! சேலை விலகியிருந்த விதம் சொல்லப்படும். அவள் என்ன வேலை பார்த்தாள், யாரிடம் சண்டை போட்டாள், எதற்குச் சிரிப்பாள் என்று ஒரு வரி இருக்காது. கதையைத் திறக்கும் சாவி அவள். திறந்ததும் வேலை முடிந்தது.

பெண்களும் துப்பறிந்தார்களே என்பார்கள். ஆம், விவேக்குக்கு ரூபலா, பரத்துக்கு சுசீலா, நரேந்திரனுக்கு வைஜயந்தி. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய அந்த மாத நாவல்களில்தான், பயமில்லாமல் வெளியே போய்வரும் பெண்ணை நம்மில் பலர் முதலில் சந்தித்தோம். அந்தச் சந்தோஷத்தை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் சுசீலா என்றதும் நினைவுக்கு வருவது அவள் கண்டுபிடித்த துப்பா, அவள் டி-ஷர்ட்டில் இருந்த வாசகமா?

அமெரிக்காவில் டாஷியல் ஹாமெட் போன்றவர்கள் எழுதிய ‘ஹார்ட்பாய்ல்டு’ கதைகளை நம் விமர்சகர்கள் உரைகல்லாகக் காட்டுவார்கள். அங்கே குற்றம் வெறும் விடுகதை அல்ல. பணமும் பதவியும் போலீஸும் கைகோத்த ஊரே குற்றவாளி. இந்தப் பாடம் நமக்கு வேண்டும். ஆனால் 1930இல் நூலான ‘மால்டீஸ் ஃபால்கன்’ முடிவில், துப்பறிவாளன் தான் நெருங்கிய பெண்ணைப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் நேர்மையைக் காத்துக்கொள்கிறான். ஊரைத் தோலுரிக்கத் தெரிந்தவர்களுக்கும் நயவஞ்சகி ஒருத்தி தேவைப்பட்டாள். அதை நாம் இரவல் வாங்கத் தேவையில்லை.

2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தது. தேர்ந்து மொழிபெயர்த்தவர் ப்ரீதம் கே. சக்ரவர்த்தி என்ற பெண். ராஜேஷ்குமார் இருக்கும் அதே தொகுப்பில் ரமணிசந்திரனும் இருக்கிறார். எனக்கு அது சரியான இருக்கை வரிசை. நம் ஊரில் குற்றம் இருட்டுச் சந்தில் மட்டுமா நடக்கிறது? கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்திலும்தானே?

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே சங்கர் வெட்டப்பட்டார். கேமராவில் எல்லாம் பதிவானது. ‘யார் செய்தது’ என்ற கேள்விக்கே அங்கே பெரிய வேலையில்லை. சாதியின் பெயரைச் சொல்லிச் சாட்சிக் கூண்டில் நிற்பது யார் என்பதே கேள்வி. வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. மற்ற ஐவருக்கும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சும் அவிழும் கதையல்ல இது.

ஆகவே என் அளவுகோல்கள் மூன்று. செத்தவளுக்குப் பெயரும் வாழ்க்கையும் உண்டா? உயிரோடிருப்பவள் எதையாவது கண்டுபிடிக்கிறாளா? ஒருவனுக்கு விலங்கு மாட்டியதும் ஊர் தப்பித்துவிடுகிறதா?

இவற்றில் தேறுபவை பத்துக் கதைகள்தான் என்றால், பத்தை மட்டும் தொகுப்போம். மீதிப் பக்கங்களை நாம் எழுதுவோம்.